கிழக்கே ஒரு பொம்பளை கை

“வயித்துல ஒண்ணுமே இல்ல, எழுந்து வூட்டுக்குப் போன்னு அந்த ஆளு யாரையாவது திருப்பி அனுப்பியிருக்காராடி?”

அன்பரசியக்கா என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடச் சமையலறையில். நான் அவளுக்கு உதவியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்வதற்குள் கேட்டவர்களே கேள்வியை மறந்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கு அது பழகிவிட்டது. ஆனால் இந்தக் கேள்வி என்னோடு வீடு வரை நடந்து வந்தது. சாமைக் களி தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆட்டுக்குத் தழை போடும்போது முன்னால் வந்து நின்றது.

யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆளைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை.

“அவர்” என்றால் மருந்தெடுக்கும் தனசேகரனார். செங்கத்துப் பக்கமிருந்து வருகிறவர். சமுதாயக் கூடத்தின் வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவர் கண்ணை மூடிக் கையைத் தூக்கி நிற்பார். தலைக்குப் பின்னால் சூரியன். கீழே இப்படி எழுதியிருக்கும்: “எத்தனை வருட இடுமருந்தும் எடுக்கப்படும். கத்தி இல்லை. ரத்தம் இல்லை. வலி இல்லை.” சந்தேகமும் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இடம் போதவில்லை போலிருக்கிறது.

எங்கள் கடுக்காமரத்தூருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். ஒன்று வரும். இன்னொன்று வந்தாலும் வரும். போனில் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி, வடக்கே பார்த்து நிற்க வேண்டும். பிரசவத்துக்கு ஒரு வண்டி கேட்டால் மலை ஏறி வர அரை நாள் ஆகும். அந்த ஊருக்குத்தான் மூன்று மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் பத்துப் பதினைந்து ஜீப் வந்தது. கண்ணமங்கலத்திலிருந்து வந்தார்கள். செங்கத்திலிருந்து வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு ஆள் காரில் வந்து, கூடம் நிறையச் செருப்பு கிடந்த இடத்தில் தன் ஷூவைத் தொலைத்துவிட்டுப் போனார். பிரசவ வண்டி வர முடியாத மலைக்குக் கூட்டம் வர முடிந்தது. அதுதான் முதல் அற்புதம்.

இடுமருந்து என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்களைப் பிடிக்காத யாரோ, சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து உங்களைத் தின்ன வைத்துவிடுகிறார்கள். அது செரிக்காது. வெளியேயும் போகாது. வயிற்றில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காக வாடகை இல்லாமல் குடியிருக்கும். பையனுக்குப் பெண் அமையவில்லையா, மருந்து. பரீட்சையில் பெயிலா, மருந்து. பசு எட்டி உதைக்கிறதா, பசுவின் சொந்தக்காரர் வயிற்றில் மருந்து. நேற்று தின்ற பழைய கறிக்குழம்பால் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மட்டும் இந்த மூன்று மாதத்தில் ஒருவர்கூட வந்ததில்லை.

எடுக்கும் விதம் இதுதான். வெறும் வயிற்றோடு வர வேண்டும். கூடத்துக்குள் நான்கு பெஞ்சுகள். நான்கு பேர் வரிசையாக மல்லாந்து படுத்து, முகத்தை ஒரு சிவப்புத் துண்டால் மூடிக்கொள்ள வேண்டும். துண்டு ஏன் என்று ராஜேந்திரன் மைக்கில் சொல்வான். இவன் தனசேகரனாரின் உதவிக்கு வருகிறவன். டோக்கன் கொடுப்பதும் கூட்டத்தை அதட்டுவதும் இவன் வேலை.

“மருந்து வெளிய வர்ற நேரம் உங்க மூஞ்சியைப் பாத்துச்சுன்னா, திரும்ப உள்ள ஓடிடும்! யாரும் துண்டை எடுக்கக் கூடாது! வாயும் தொறக்கக் கூடாது!”

மருந்துக்குக் கண் உண்டு, வெட்கமும் உண்டு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு தனசேகரனார் வருவார். சொம்பிலிருந்து ஒரு வாய் தீர்த்தம் குடிப்பார். தோளில் கிடக்கும் துண்டால் வாயை மெதுவாகத் துடைத்துக்கொள்வார். ஒரு சாண் நீளப் பித்தளைக் குழலைத் தொப்புளில் வைத்து உறிஞ்சுவார். தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் போட்டால் வருமே ஒரு சத்தம், அந்தச் சத்தம் வரும். அப்புறம் நிமிர்ந்து, ஒரு இலையில் துப்புவார். கறுப்பாக ஒரு உருண்டை. உருண்டைக்குள் நாலு முடி.

“பாத்தீங்களா முடிய!” என்று ராஜேந்திரன் மைக்கில் அலறுவான். கூடமே அய்யோ என்னும்.

கடைசியாகத் தனசேகரனார் கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பு எனக்கு மனப்பாடம். எங்கள் ஊர் ஆடுகளுக்கே மனப்பாடம்.

“கிழக்கே. ஒரு பொம்பளை கை. புளிப்புப் பண்டத்துல வெச்சுக் குடுத்தது.”

கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். எப்படிச் சரியாகச் சொன்னார் பார்! புளி விளைகிற மலை இது. பாயசத்தைத் தவிர எல்லாவற்றிலும் புளி போடுகிறோம். சமைப்பது பெரும்பாலும் பெண்கள். ஆக, அவர் சொன்னதில் புதுச் செய்தி என்று பார்த்தால் திசை ஒன்றுதான்.

அந்தத் திசைதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

எங்கள் ஊர் ஒரு மேட்டின் முதுகில் ஒரே வரிசையாக இருக்கிறது. முப்பத்தொரு வீடு, ஒன்றன்பின் ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்காக. இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் பாதை. வேறு எங்கேயும் வீடு கட்ட இடமில்லை. மேற்குக் கோடியில் ஊர்கவுண்டர் லட்சுமணன் வீடு. ஊர்க் கூட்டத்தில் முடிவு சொல்கிறவர் அவர்தான். கிழக்குக் கோடியில் அன்பரசியக்கா வீடு. அதற்கும் கிழக்கே ஓடை, மூங்கில் காடு, இரண்டு மூன்று கரடிகள்.

இப்போது பாருங்கள். பத்தாவது வீட்டுக்காரருக்குக் கிழக்கே என்றார். அவர் பதினோராவது வீட்டை முறைத்தார். பதினோராவது வீட்டுப் பெண், “நானா? என் வயித்துலயும்தான் எவளோ வெச்சுட்டா” என்று போய்ப் படுத்தாள். அவளுக்கும் கிழக்கே. அவள் பன்னிரண்டாவது வீட்டை முறைத்தாள். இப்படி முறைப்பு கைமாறிக் கைமாறி, மூன்றே மாதத்தில் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றது. அங்கிருந்து மேலே போகக் கரடிதான் இருந்தது. கரடியை முறைக்க யாருக்கும் தைரியமில்லை.

அன்பரசியக்காதான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்துப் போனதிலிருந்து அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வேலையால்தான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தினமும் சோறு போடுகிற கை. மருந்து வைப்பதற்கு இதைவிட வசதியான கை எது என்று ஊர் கேட்டது.

கேட்டவர்களில் முதல் ஆள் மங்கம்மாள். நடு வீட்டுக்காரி. அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாகப் போன் பேசவில்லையாம். போன் இருப்பது அவள் வீட்டு அலமாரியில். சிக்னல் இருப்பது பாறை மேல். அவள் பாறை ஏறியே இரண்டு மாதம் ஆகிறது. மூட்டு வலி. ஆனால் காரணம், அன்பரசியக்கா பொங்கலன்று அந்த மனுஷனுக்குக் கொடுத்த புளிக்குழம்பு.

“எங்க பொண்ணை இனிமே அங்க துன்ன அனுப்ப மாட்டேன். நீங்க அனுப்பினா உங்க பாடு!” என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

நாற்பத்து மூன்று பிள்ளைகள் சாப்பிட்ட பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் ஐந்து பேர் தட்டு எடுத்தார்கள். மற்றவர்கள் ஜன்னல் வழியாக முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானப் பாடத்தில் இரண்டு பிள்ளைகள் பசியில் மயங்கி விழுந்தார்கள். உடனே ஊர் சொன்னது: பார்த்தாயா, மருந்து வேலை செய்கிறது!

ஹெட்மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்று மென்று விழுங்கினார்.

“பசங்க சாப்பிடாம நான் கணக்கு எழுத முடியாதும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்ல கூட்டம் போடறாங்களாம். அவங்க உன்னை வேணாம்னுட்டா, வேற ஆள் கேட்டு எழுதறதைத் தவிர எனக்கு வழியில்ல.”

அவர் போனதும்தான் அக்கா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை நான் பதிலோடு போனேன். வாயால் சொல்லவில்லை. அடுப்புக் கரியை எடுத்து, சமையலறைத் தரையில் முப்பத்தொரு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிழக்கே ஒரு அம்புக்குறி போட்டேன். அக்கா கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

“இது நம்ம ஊரு. சரி. எல்லா அம்பும் எங்கிட்ட வருது. அதுவும் சரி.” கடைசிப் புள்ளியில் நான் போட்டிருந்த அம்பு காட்டுக்குள் போனது. “இது இன்னாடி? நான் போய்ப் படுத்தாலும் கிழக்கேன்னுதான் சொல்வாரு. அப்போ எனக்கு மருந்து வெச்சது யாரு, கரடியா?”

“பொம்பளைக் கரடி, அக்கா” என்றேன்.

அந்த வாரத்தில் அவள் முதல்முறை சிரித்தாள். கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தினாள்.

“சசி, ஒரு ஆளு நெசமாவே தராசு வெச்சிருந்தா, சில நேரம் தட்டு இறங்கும், சில நேரம் இறங்காது. எதை வெச்சாலும் இறங்குற தட்டு இன்னாத்துக்குடி ஆவும்? மருந்தே இல்லாத வயிறு ஒண்ணு வேணும். அதை அவரு முன்னாடி வெச்சுப் பாக்கணும்.”

“எங்க இருக்கு அது மாதிரி வயிறு?”

“எடுத்து முடிச்சதும் அவரே சுத்தம்னு சொல்ற வயிறு இருக்குல்ல?”

அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்குக் கோடிக்கு நடந்தாள். முப்பது வீட்டு வாசலும் எங்களைப் பார்த்தது. சில வாசல் மூடிக்கொண்டது.

ஊர்கவுண்டர் லட்சுமணன் முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷத்துப் புளி, செக்கச்செவேலென்று பாயில் காய்ந்தது. அவருக்கும் நெஞ்செரிச்சல். ஒரு நாளைக்கு இருபது டீ குடிக்கிறவருக்கு வராமல் இருக்குமா? ஆனால் அவரும் வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தார். மங்கம்மாளும் அங்கேதான் இருந்தாள், கூலிக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு. அக்காவைப் பார்த்ததும் கொட்டைகளை வேகமாகப் பொறுக்கினாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும்” என்றாள் அக்கா.

“கூட்டத்துல கேளும்மா. இப்போ கேட்டா ஒரு பக்கமா பேசினேன்னு சொல்லுவாங்க.”

“கூட்டத்துல கேட்டா நேரம் போய்டும். அவரு கிழக்கேன்னாரு, அதனால கடைசியில நான் மாட்டினேன். மேக்கேன்னு சொல்லியிருந்தாருன்னா கடைசி வூடு யாரோடது மாமா?”

புளி தட்டிய கட்டை அந்தரத்தில் நின்றது. அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் பெண்டாட்டி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டையைக் கீழே வைத்தார்.

“இப்போ இன்னா பண்ணணும்ங்கற?” என்றார் மெதுவாக.

“நாளைக்கு நீங்க போய் மருந்து எடுத்துக்குங்க. சுத்தமாச்சுன்னு அவரு வாயால எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். அப்புறம் வேற துணி கட்டிக்கிட்டு இன்னொரு பெஞ்சில படுங்க. மூஞ்சிலதான் துண்டு இருக்கே! ‘இதுல ஒண்ணுமில்ல, எழுந்து போ’ன்னு அவரு சொல்லிட்டாருன்னா, நான்தான் மருந்து வெச்சேன்னு நானே கூட்டத்துல ஒத்துக்கறேன். வேலையும் வேணாம், ஊரும் வேணாம். போய்டறேன்.”

அக்கா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

“அய்ய, நல்லாருக்கே கதை!” மங்கம்மாள் எழுந்தே விட்டாள். “சாமியை மாட்டி வுடப் பாக்கறா. கவுண்டரே, நீங்க போங்க. ஆனா நானும் கூட வருவேன். இவ நடுவுல எதுனா பண்ணிடுவா.”

“வாங்கக்கா” என்றாள் அன்பரசியக்கா. “நீங்களே துண்டைப் போட்டு வுடுங்க. நான் கூடத்துக்குள்ளயே வரல. நீங்க கூப்பிடற வரைக்கும் வெளிய நிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை காலை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஒன்பது மணிக்கெல்லாம் ஊர்கவுண்டர் முதல் பெஞ்சில் வெள்ளை வேட்டியோடு படுத்தார். ஊர்த் தலைவர் வயிறு என்பதால் ராஜேந்திரன் மைக்கைப் பக்கத்திலேயே பிடித்தான். மோட்டார் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. உருண்டை விழுந்தது. முடி இருந்தது.

“கிழக்கே. ஒரு பொம்பளை கை. புளிப்புப் பண்டத்துல.” தனசேகரனார் கண்ணைத் திறந்தார். “இனி கவலை வேண்டாம் கவுண்டரே. உங்க வயிறு இப்போ தேச்சுக் கவுத்த சட்டி மாதிரி. ஒரு பொட்டு இல்ல. சத்தியம்.”

“ஒரு பொட்டு இல்ல! சத்தியம்!” என்றான் ராஜேந்திரன் மைக்கில்.

கவுண்டர் வெளியே வந்து நெஞ்சைத் தடவினார். “எரிச்சல் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு” என்றார். மங்கம்மாள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா முகம் சுண்டிவிட்டது. காலையிலிருந்து அவர் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை, எரிச்சல் குறையாமல் என்ன செய்யும் என்று நான் அக்காவின் காதில் சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

கூடத்தின் பின்பக்கம் சின்னதம்பியின் நீலக் கட்டம் போட்ட லுங்கி தயாராக இருந்தது. இவர் எங்கள் ஊர்த் தேனெடுப்பவர். எதற்கு என்று கேட்காமலே லுங்கியை இரவல் கொடுத்தார். வெள்ளை வேட்டியைத் தவிர வேறு எதையும் கட்டிப் பார்த்திராத ஊர்கவுண்டர் அந்த லுங்கியில் வெளியே வந்தபோது, கட்டியிருந்த நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. மங்கம்மாள் அவர் தலையில் துண்டைப் போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

“யாரு இது?” என்றான் ராஜேந்திரன், டோக்கனிலிருந்து தலை நிமிராமல்.

“எங்க சின்ன மாமனாரு. சந்தவாசல்ல இருந்து வந்திருக்காரு. வாய் பேச வராது.”

பொய் சொல்கிறோமே என்கிற கூச்சம் அவள் குரலில் துளியும் இல்லை. சாமி ஜெயிக்கத்தானே சொல்கிறாள்! இதோ இப்போது சாமி தொப்புளைப் பார்த்ததும், “இது சுத்தமான வயிறு, ஏன் கூட்டிட்டு வந்தே?” என்று கேட்கப் போகிறார். அதோடு அன்பரசி தொலைந்தாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தனசேகரனார் மூன்றாவது பெஞ்சுக்கு வந்தார். அரைமணி முன்னால் பார்த்த அதே தொப்புள். ஒரு வாய் தீர்த்தம். துண்டால் வாய் துடைப்பு. குழல். மோட்டார்.

இலையில் உருண்டை விழுந்தது.

“ஏழு வருஷத்து மருந்து” என்றார் தனசேகரனார். “கிழக்கே. ஒரு பொம்பளை கை. புளிப்புப் பண்டத்துல வெச்சுக் குடுத்தது.”

மங்கம்மாள் உருண்டையைப் பார்த்தாள். லுங்கியைப் பார்த்தாள். மறுபடி உருண்டையைப் பார்த்தாள்.

“சாமி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அவள் அவருக்குக் கை கொடுக்கத்தான் பார்த்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. “இவரு வயிறு சுத்தமா இருக்கணுமே. ஒண்ணும் இருந்திருக்காதே?”

“சுத்தமா? உள்ள அவரைக் கொடி மாதிரி படர்ந்து கெடந்துதும்மா! இன்னிக்கு வராம இருந்தா அடுத்த அமாவாசை தாண்டியிருக்க மாட்டாரு. இப்போ ஒரு பொட்டு இல்ல, கூட்டிட்டுப் போ.”

ஏழு வருஷத்துக் கொடி அரைமணி நேரத்தில் படர்ந்திருக்கிறது. எங்கள் வயலில் அவரை அப்படிப் படர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மங்கம்மாள் அவரை வெளியே கூட்டி வந்தாள். துண்டை எடுத்துவிட்டாள். கவுண்டர் முகம் சிவந்திருந்தது. மூச்சுத் திணறலா கோபமா தெரியவில்லை.

“ஏம்மா மங்கம்மா, அமாவாசை தாண்ட மாட்டேனாமே?”

லுங்கியோடு சின்னதம்பி கொண்டுவந்த போர்வை ஒன்று கொடியில் கிடந்தது. மங்கம்மாள் அதை எடுத்து அவர் மேல் போர்த்தினாள்.

“இன்னொரு தரம் போலாம்” என்றாள். “இந்தத் தரம் எனக்காக.”

அன்பரசியக்கா தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தமுறை நான்காவது பெஞ்ச். இந்தமுறை சொந்தம் “எங்க அண்ணன்.” ராஜேந்திரன் யாரென்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கவில்லை. கூட்டம் வாசல் வரை நெருக்கியது. தனசேகரனார் வந்தார். சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். துண்டால் வாயை மெதுவாகத் துடைத்தார். குனிந்து குழலை வைத்தார்.

மூன்றாவது தடவை. அவர் மீசை பட்டதோ, குழல் சில்லென்று இருந்ததோ, போர்வைக்குள் இருந்த வயிறு குலுங்க ஆரம்பித்தது. கவுண்டருக்குச் சிரிப்பு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

“போதும்யா, தொப்புளே தேஞ்சு போச்சு!”

காலையில் சத்தியம் வாங்கிய அதே முகம். கீழே நீலக் கட்டம் போட்ட லுங்கி.

“தேச்சுக் கவுத்த சட்டின்னியே! அரைமணி கழிச்சு ஏழு வருஷ மருந்துன்ன. இப்போ இன்னா சொல்லப் போற? சொல்லு!”

தனசேகரனார் சொல்லவில்லை. குழலைக் கையில் பிடித்தபடி நின்றார். வாய் இறுக மூடியிருந்தது.

“பேசுங்க சாமி” என்றாள் மங்கம்மாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “எதுனா ஒண்ணு சொல்லுங்க சாமி. ஒரு வார்த்த சொல்லுங்க.”

“ம்ம்” என்றார் தனசேகரனார். தலையை ஆட்டினார். “ம்ம், ம்ம்.”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். அவருடைய இடது கன்னம் புடைத்திருந்தது. வெற்றிலை போடாத மனுஷன்.

மங்கம்மாள் வாசலைப் பார்த்து, “அன்பரசி, உள்ள வா” என்றாள்.

அக்கா வந்தாள். அவர் பெஞ்சில் வைத்திருந்த தீர்த்தச் சொம்பையே எடுத்து நீட்டினாள். மரியாதையாக, இரண்டு கையாலும்.

“வாயக் கொப்பளிச்சுட்டுப் பேசுங்க சாமி.”

தனசேகரனாரின் தொண்டை ஒருமுறை ஏறியது. அக்கா பதறிப்போய்க் கையைத் தூக்கினாள்.

“அய்யோ, முழுங்கிடாதீங்க! அப்புறம் உங்க வயித்துல போய் ஒட்டிக்கும். யாரு எடுக்கறது?”

கூடத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முழுக் கூடமும். வெளியூர்க்காரர் இரண்டு பேர் அதைப் போனில் படம் பிடித்தார்கள். செங்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல், “அப்போ போன வாரம் எனக்கு எடுத்தது?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர்கவுண்டர் இலையில் கிடந்த தன் மருந்துகளைக் கையில் எடுத்தார். ஒன்றை விரலில் வைத்து நசுக்கினார். மோந்து பார்த்தார். ஐம்பது வருஷமாகப் புளியோடு வாழ்கிறவர்.

“புளி” என்றார். “இந்த வருஷத்துப் புளி கூட இல்ல. கறுத்துப் போன பழசு. அடுப்புக் கரி சேர்த்து உருட்டியிருக்கான். கொட்டையைக் கூடச் சரியா எடுக்கல.” கடைசி விஷயம்தான் அவரை ரொம்பவும் கோபப்படுத்தியது போலிருந்தது. “புளிப்புப் பண்டத்துலன்னு சொன்னியே, அது ஒண்ணுதான்யா நீ சொன்ன நெசம்!”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் டோக்கன் மட்டுந்தான்” என்று ராஜேந்திரன் மைக்கிலேயே சொன்னான். அதை அணைக்க மறந்துவிட்டான்.

கூட்டத்தில் ஒரு ஆள் கையைத் தூக்கினார். போளூரிலிருந்து வந்தவராம். “கவுண்டருக்கு எடுத்தது பொய்யாவே இருக்கட்டும். மத்தவங்களுக்கு எடுத்தது நெசமா இருக்கலாம் இல்லீங்களா?”

“அப்படியே படுங்கண்ணா” என்றாள் அக்கா. “நானே எடுக்கறேன். வூட்டுல பழைய புளி நிறைய இருக்கு.”

அவர் படுக்கவில்லை. ஆனால் முழுக்க நம்பிவிட்டதாகவும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு ஊரில் இன்னொரு பேனர் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஊர்கவுண்டர் லுங்கியை மடித்துக் கட்டினார். ஊர்க் கூட்டம் சாயங்காலம்தான். அவர் காத்திருக்கவில்லை.

“அன்பரசி, விடிஞ்சதுல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல நான். பள்ளிக்கூடத்துல இன்னிக்கு இன்னா சாப்பாடு?”

“கீரைச் சாதம் மாமா. முட்டை. விடியறதுக்குள்ளயே எல்லாப் பசங்களுக்கும் சேர்த்து ஆக்கி வெச்சுட்டேன்.”

“எனக்கும் ஒரு தட்டு போடு. எல்லாரும் பாக்கற மாதிரி வாசல்ல போடு.”

மங்கம்மாள் கூடத்திலிருந்து வேகமாக வெளியே போனாள். பாதையில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்ததும், “இங்க இன்னாடி வேடிக்கை? போய்த் தட்ட எடுத்துக்கிட்டு வரிசைல நில்லு. ரெண்டு முட்டை கேளு” என்று ஒரு அதட்டு அதட்டினாள். அக்காவைப் பார்த்து மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து, சோற்றுப் பானையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து வாசலுக்குத் தூக்கி வந்தாள். சோறு கனம்தான். அன்றைக்கு முப்பத்தொன்பது பிள்ளைகள் தட்டு எடுத்தார்கள். மீதி நான்கு பேர், கரடி கதையைக் கேட்டுவிட்டு, கரடியைத் தேடி ஓடைப் பக்கம் போய்விட்டதால் வரவில்லை.

மூன்று மாதம். அவரவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு ஊரே கவலைப்பட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குள் என்ன இருக்கிறதென்று சந்தேகப்பட்டது. அந்த ஆளின் வாய்க்குள் என்ன இருக்கிறதென்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். இனிமேலாவது, யாராவது உங்கள் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னால், முதலில் அவர் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, தனசேகரனார் சமுதாயக் கூடத்திலிருந்து வெளியே வந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். எங்களைக் கடந்துதான் பாதைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவருடைய கன்னத்தையே பார்த்தார்கள். அது இன்னும் புடைத்துத்தான் இருந்தது. அவர் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. குனிந்த தலையோடு, ஒரு வார்த்தை பேசாமல், மலை இறங்கிப் போனார்.